குட்டி நாய் என்றால் வேலையும் குட்டியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்ற சிறிய ரக நாய்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஷிட்சூ, பக், பொமரேனியன், சிவாவா என்று வரிசையாகப் படம் போட்டு, இடம் அதிகம் வேண்டாம், சாப்பாடு கொஞ்சம்தான், பராமரிப்பு எளிது என்று எழுதியிருந்தீர்கள். அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் வரி விளம்பரங்கள். அதில் ஒன்று: '30 நாள் ஷிட்சூ குட்டிகள், ஆண், பெண், ஊசி போட்டது, டெலிவரி உண்டு.' இரண்டையும் ஒரே மூச்சில் படித்ததால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலம் முழுக்க மாடு, ஆடு, கோழிதான். சினை ஊசி, கோமாரி தடுப்பூசி, வெள்ளைக்கழிச்சல் என்று ஊர் ஊராக அலைந்தேன். ஓய்வுக்குப் பிறகு நாமக்கல்லில் ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனையில் மாலை வேளைகளில் டாக்டருக்கு உதவியாக இருக்கிறேன். எடை போடுவது, குட்டியைப் பிடித்துக்கொள்வது, டாக்டர் சொன்னதை வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி மறுபடி சொல்வது என் வேலை. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன எங்கள் ஊரில் முன்பெல்லாம் நாய் என்றால் கோழிப்பண்ணைக் காவலுக்கு. இப்போது ஏசி போட்ட கிளினிக்கில், துண்டில் சுற்றிய ஷிட்சூவோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிறிய நாய்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அரசுக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு வெள்ளை 'பாம்' இருந்தது. நாம் பொமரேனியன் என்று கூப்பிட்ட பலவும் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அவை நம் வெயிலையும் சாம்பார் சோற்றையும் தாங்கின. அப்புறம் 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் பக் நடந்து வந்தது, ஊரே பக் வாங்கியது. இப்போது ஷிட்சூ காலம். மோகம் மாறட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் மேஜைக்கு வரும் குட்டிகளின் தொல்லைகளைப் பின்னோக்கித் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: தாயிடமிருந்து முப்பது நாளில் பிரித்து விற்றுவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான். மீதியெல்லாம் இதிலிருந்து கிளைப்பது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017-ல் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் என்றால் 56 நாள். '30 நாள் குட்டி' என்று செய்தித்தாளில் அச்சடித்துக் கொடுப்பவர் தான் விதியை மீறுவதைத் தன் செலவிலேயே ஊருக்கு அறிவிக்கிறார். அதைப் படித்துவிட்டு நாமும் போன் செய்கிறோம்.

ஏன் முப்பது நாளில் விற்கிறார்கள்? அந்த வயதில்தான் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், பார்த்தவுடன் கை நீளும். அதற்கு மேல் வைத்திருந்தால் தீனிச் செலவு, பூச்சி மருந்துச் செலவு, முதல் ஊசிச் செலவு. நடுவில் பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய் வந்தால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் மொத்தமும் போய்விடும். அந்த ஆபத்தையும் செலவையும் வாங்குபவர் தலையில் கட்டிவிடுவது வியாபாரிக்கு லாபம். இன்னொரு தந்திரமும் உண்டு. முப்பது நாள் குட்டியைக் காட்டி, 'இது ரெண்டு மாசம், டீகப் ரகம், இதுக்கு மேல வளராது' என்று கூடுதல் விலை சொல்வார்கள். டீகப் என்று தனியாக ஓர் இனம், நாய் இனங்களைப் பதிவு செய்யும் எந்தக் கென்னல் கிளப் பட்டியலிலும் கிடையாது. ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்ததற்கும், வயது குறைந்ததற்கும் அழகாக ஒரு பெயர், அவ்வளவுதான்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் கை போட்டு விலை பேசமாட்டார்கள். இருபதாயிரம் கொடுத்து நாய்க்குட்டி வாங்குகிறவர்கள் அதன் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. நாய்க்குட்டிக்கு முன்பற்களும் கோரைப் பற்களும் மூன்று, நான்கு வாரத்தில் எட்டிப் பார்க்கும். கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் அதற்குப் பிறகு. எட்டு வாரத்தை ஒட்டி 28 பாற்பற்களும் வந்திருக்க வேண்டும். மிகச் சிறிய ரகங்களில் சில நாள் முன்பின் ஆகலாம். ஆனால் பின்பக்கம் ஈறு வழவழவென்று இருக்கிற குட்டியை இரண்டு மாதம் என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடலாம். அப்புறம் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் வேறு வீட்டில் இருக்கிறது, வாக்கிங் போயிருக்கிறது, கடிக்கும் என்று காரணம் சொன்னாலும் கிளம்பிவிடலாம்.

தாயோடு இருக்க வேண்டிய அந்தக் கடைசி மூன்று, நான்கு வாரத்தில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. பால் மட்டும் இல்லை. கூடப்பிறந்தவற்றோடு புரண்டு சண்டை போடும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் உறுமும். எந்த அளவு கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது இப்படித்தான். எங்களிடம் வந்து 'சார், கையெல்லாம் கடிச்சு வெச்சிருக்கு, என்ன நாய் இது' என்று நொந்துகொள்பவர்களிடம் எத்தனை நாளில் வாங்கினீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் ஒரு மாதம் என்பார்கள். பாடம் நடக்கும்போதே பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்தாயிற்று. இனி அந்தப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும். கடித்தவுடன் கையை உதறாமல், அடிக்காமல், விளையாட்டை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கடிப்பதற்கு வேறு ஏதாவது பொருளைக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். தாத்தா மட்டும் விரலைக் கடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தால் நடக்காது.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது இது.

ஒருநாள் ஒரு குடும்பம் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டியது. முந்தின நாள் வெளியூரிலிருந்து காரில் குட்டி வாங்கி வந்திருக்கிறார்கள். வழியில் வாந்தி எடுக்கும் என்று எதுவும் கொடுக்கவில்லை. காருக்குள் ஏசி. வீட்டுக்கு வந்து எல்லோரும் மாறி மாறிக் கொஞ்சிவிட்டுத் தூங்கிவிட்டார்கள். காலையில் பார்த்தால் குட்டி துவண்டு கிடக்கிறது, கண் நிலைகுத்தி நிற்கிறது, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. பாம்பு கடித்துவிட்டதா, வலிப்பா, வெறிநோயா என்று ஆளுக்கொரு பயம். டாக்டர் முதலில் செய்தது ஈறில் குளுக்கோஸ் தடவியது. பிறகு சிரை வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார். சிறிது நேரத்தில் குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. 'சுகர் லோ ஆயிடுச்சுங்க' என்றதும், வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்த அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

சிறிய ரகக் குட்டிகளுக்கு, முக்கியமாக நான்கு மாதம் வரைக்கும், இது பெரிய ஆபத்து. கல்லீரல் சின்னது, சேமித்து வைக்கும் சர்க்கரை கொஞ்சம். உடம்பில் சதையும் கொழுப்பும் குறைவு. மூளையோ உடம்பு அளவுக்குப் பெரியது, அது சர்க்கரையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு லாப்ரடார் குட்டி ஒரு இரவு பட்டினி கிடந்தால் காலையில் கத்தும். ஒரு சிவாவா குட்டி கிடந்தால் காலையில் கத்துவதற்குத் தெம்பு இருக்காது. குளிர், பயணக் களைப்பு, வயிற்றில் புழு, கழிச்சல் இவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலும் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆகவே மூன்று மாதம் வரை பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ளே போக வேண்டும். படுக்கப் போகும்முன் கடைசி வேளை, விடிந்ததும் முதல் வேளை. எட்டு வாரம் கூட ஆகாத குட்டி உங்கள் கைக்கு வந்துவிட்டால் நடு இரவிலும் ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். குட்டி தடுமாறினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் மந்தமாக இருந்தாலோ, நடுங்கினாலோ, தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தடவுங்கள். நினைவு தப்பிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். துண்டில் சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தேறிவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதீர்கள். ஏன் இறங்கியது என்று பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும்.

சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்: ஒரு முட்டை ஐம்பது கிராம் சொச்சம். அரைக் கிலோ குட்டி ஒரு முட்டை எடை குறைந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும்.

என்ன கொடுப்பது என்று கேட்பார்கள். விற்றவர் என்ன கொடுத்தாரோ அதையே முதல் சில நாள் தொடருங்கள், பிறகு மெல்ல மாற்றுங்கள். வந்த முதல் நாளே தீனியை மாற்றினால் வயிறு போகும். பசும்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதிலுள்ள சர்க்கரை செரிக்காமல் கழிச்சலாகும். குழந்தைகளுக்கான டப்பா மாவைக் கரைத்துக் கொடுத்தாலே போதும் என்று விற்பவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். வயிறு நிறையும், ஆனால் வளரும் குட்டிக்கு வேண்டிய புரதம் அதில் போதாது. சிறிய ரகக் குட்டிகளுக்கென்றே வரும் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுக்கலாம். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, குழைந்த சோறு என்று தொடங்கி, அளவையும் சேர்க்க வேண்டிய சத்துகளையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட எதுவும் வேண்டாம். அந்தக் கணக்கில் நம் சாம்பாரும் குழம்பும் அவுட்.

அடுத்து ஊசி. 'ஊசி போட்டது' என்று விளம்பரத்தில் வந்ததே, அந்த 30 நாள் ஊசியின் கதை இது. தாயின் சீம்பால் மூலமாகக் குட்டிக்குக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் உடம்பில் இருக்கும். அது இருக்கும்வரை நாம் போடும் தடுப்பூசியை அதுவே வேலை செய்யவிடாது. அது ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு நாளில் வற்றும். எந்த நாள் என்று வெளியிலிருந்து தெரியாததால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை, சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு ஊசியோடு முடிந்தது என்று நினைத்துக் குட்டியைத் தெருவில் இறக்கிவிடுகிறார்கள். சில நாளில் வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தக் கழிச்சல். பார்வோ. அரைக் கிலோ உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடப் போகிறது? பெரிய ரகக் குட்டிக்குப் போராட நேரம் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது.

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். ஆகவே குட்டி இருக்கும் வீட்டில் செருப்பு வாசலோடு நிற்கட்டும், இது நமக்குப் பழக்கம்தானே. முன்பு அந்த வீட்டில் பார்வோ வந்து ஒரு குட்டி இறந்திருந்தால், பினாயில் ஊற்றிக் கழுவியதை நம்பி உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள். துணி வெளுக்கும் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் தரை ஈரமாக இருக்கும்படி விட்டுக் கழுவ வேண்டும். பினாயிலையோ ஆசிட்டையோ அதோடு கலக்கக் கூடாது. அடுத்த குட்டிக்கு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, அப்புறம் ஆண்டுதோறும். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தாய் யார், எங்கே வளர்ந்தது என்று தெரியாத குட்டி உங்கள் குழந்தையைக் கடித்தோ பிறாண்டியோ ரத்தம் வந்தால், 'குட்டிதானே' என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

மாட்டு மருந்து பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீட்டில் மாடு உண்டு, அலமாரியில் மாட்டு மருந்தும் உண்டு. குட்டி மேல் ஓர் உண்ணியைப் பார்த்ததும், மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டிவிடுகிறார்கள். வாயில் நுரை தள்ளி, உதறிக்கொண்டு வருகின்றன. உண்ணிக்கும் புழுவுக்கும் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி இன்னும் மோசம். மாட்டுக்கு வரும் ஒரு சதவீத மருந்தில், ஐம்பது கிலோவுக்கு ஒரு மில்லி என்பது மாட்டுக்கான கணக்கு. அதே கணக்கை ஒரு கிலோ குட்டிக்குப் போட்டால் ஒரு மில்லியில் ஐம்பதில் ஒரு பங்கு வரும். ஒரு சொட்டே அதைவிட அதிகம். 'கொஞ்சூண்டுதான் போட்டேன்' என்பவரின் கொஞ்சூண்டு எத்தனை மடங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வாங்கி வைத்த காய்ச்சல் சொட்டு மருந்தும் அப்படித்தான். அதைவிட, நாயின் இயல்பான சூடே 101 முதல் 102.5 டிகிரி வரை. நம் கைக்கு அது காய்ச்சல் மாதிரித்தான் தெரியும். தொட்டுப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஊஞ்சலை. கூடத்தில் பலகை ஊஞ்சல் இருக்கும் வீடுகளில் குட்டி அதற்கு அடியில்தான் போய்ப் படுக்கும். ஆடுபவருக்குக் கீழே இருப்பது தெரியாது. குட்டி ஓரளவு பெரிதாகும்வரை ஊஞ்சலைச் சங்கிலியோடு மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். அடுத்தது சோபா. பெரியவர்கள் மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பார்கள், அது துள்ளிக் குதிக்கும். இந்த ரகங்களில் முன்னங்கால் எலும்பு பென்சிலைவிட மெல்லியது. மணிக்கட்டுக்கு மேலே முறியும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் வெறும் மாவுக்கட்டில் கூடாமல் போய், தகடு வைக்கும் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். எண்ணெய்க் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோய் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, ரத்தம் போகாமல் பாதம் கறுத்துக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் குட்டியைத் தூக்க வேண்டுமென்றால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துதான் தூக்க வேண்டும். நின்றுகொண்டு தூக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் பழக்குங்கள்.

பால்கனிக் கம்பி இடைவெளி, மூடாத தண்ணீர்த் தொட்டி, பீரோவுக்கு அடியில் உருண்டு கிடக்கும் அந்துருண்டை, எலி மருந்து, ஸ்டார்ட் செய்யும் வண்டிக்கு அடியில் தூங்கும் பழக்கம் இவையெல்லாம் நீங்களே யோசித்துப் பார்க்கக் கூடியவை. தரையில் மண்டிபோட்டுக் குட்டியின் உயரத்திலிருந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், எனக்குத் தோன்றாததும் உங்களுக்குத் தெரியும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். சிறிய ரகங்களின் மூச்சுக்குழாய் பலவீனமானது. கழுத்தில் கட்டி இழுத்து இழுத்துப் பழக்கினால் பின்னாளில் வாத்து கத்துவது போன்ற இருமல் வரும்.

குட்டி வீட்டில் நிலைகொள்வதைப் பற்றி. முதல் சில இரவுகள் அழும். அழாமல் என்ன செய்யும், உடம்போடு உடம்பாகக் கிடந்தது தனியாகக் கிடக்கிறது. சமையலறையில் பூட்டி, 'அழுது பழகட்டும்' என்று விடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு அட்டைப் பெட்டியையோ கூண்டையோ உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். கட்டிலின் மேல் வேண்டாம், விழும். வாங்கும்போது தாய் படுத்திருந்த பழந்துணி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போடுங்கள். துணி சுற்றிய வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில் ஒன்று ஓரமாக. இரவில் முனகினால் கையைக் கீழே விட்டுத் தொட்டுக் கொடுங்கள். எழுந்து சிணுங்கினால் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டுபோய் மூத்திரம் பெய்ய வைத்து, பேச்சுக் கொடுக்காமல் திரும்பப் படுக்க வையுங்கள். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். விருந்தாளி வந்தபோதெல்லாம் எழுப்பிக் காட்டினால் அது எப்படி நிலைகொள்ளும்?

மூத்திரப் பழக்கம் வரவில்லை என்று சிறிய ரகம் வைத்திருப்பவர்கள் அதிகம் புலம்புவார்கள். பை சின்னது, அவ்வளவுதான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். செய்து முடித்த நொடியில் பாராட்டுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூக்கை அதில் தேய்ப்பது பழைய முறை. அதனால் குட்டி கற்பது உங்களுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் பெய்ய வேண்டும் என்பதை மட்டுமே.

ஊசி முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்து வைக்கவும் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரையான காலத்தில் பார்த்தது, கேட்டது எல்லாம் குட்டிக்குப் பழகிய உலகமாகும். அப்போது பார்க்காதது பின்னாளில் பயமாகும். சிறிய நாய்கள் எல்லோரையும் பார்த்துக் குரைக்கின்றன, நடுங்குகின்றன என்றால் பெரும்பாலும் மாதக்கணக்கில் சோபாவை மட்டுமே பார்த்து வளர்ந்தவையாக இருக்கும். கையில் வைத்துக்கொண்டோ துணிப்பையில் போட்டுக்கொண்டோ தெருமுனை வரை போங்கள். மளிகைக் கடை, பள்ளிவிடும் நேரத்துச் சத்தம், கோயில் மேளம். எங்கள் ஊரில் லாரி ஏர்ஹார்ன். எல்லாம் முதலில் தூரத்திலிருந்து, வாயில் ஏதாவது ஒரு தீனியோடு. தீபாவளி வருவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் அன்று ராத்திரி பாதிக் கவலை குறையும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்றால், சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிறிய ரகக் குட்டி உங்களுக்கு வேண்டாம். அதற்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு கை வேண்டும். அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருக்கிறார்கள் என்றால், குட்டியை வாங்குவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் கிளினிக்குக்குப் பிள்ளை வாங்கிய நாயைத் தூக்கிக்கொண்டு வரும் அறுபது வயது அம்மாக்கள் அநேகம். கொஞ்சம் வளர்ந்த நாயை எடுத்துக்கொள்வதிலும் குறைவு ஒன்றும் இல்லை. வளர்த்தவர்கள் ஊர் மாறும்போது விட்டுப் போகும் ஆறு மாத, ஒரு வயது ஷிட்சூக்கள் தங்க இடமில்லாமல் இருக்கின்றன. ஒரு நாட்டுக்குட்டியை எடுத்தால் இன்னும் சந்தோஷம், எங்கள் வெயிலுக்கு அதன் மூக்கு நீளம் போதும். தட்டை மூக்குப் பக் ஏப்ரல், மே மாதத்தில் மூச்சு வாங்கிப் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு மேல் அதை வெளியே நடத்தவே கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் என் கோரிக்கைக்கு வருகிறேன். நாய்க்குட்டி வரி விளம்பரம் வாங்கும்போது மூன்று விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: குட்டி பிறந்த தேதி, வளர்ப்பவரின் பதிவு எண், தாயை நேரில் பார்க்கலாமா என்பது. 56 நாள் ஆகாத குட்டி என்றால் விளம்பரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய் வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று 2025-ல் வளர்ப்பவர்களைத்தான் பிடித்தார்கள், உரிமம் இல்லாவிட்டால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றார்கள். சரிதான். விற்பவரிடமும் ஒரு கேள்வி கேட்க யாராவது வேண்டுமே. பத்திரிகைக்கு அது ஒரு படிவம் மாற்றும் வேலை.

கடைசியாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். உங்கள் கட்டுரையின் நடுவில், ஒரு குட்டியின் முன்னால் தட்டு நிறையப் பச்சைத் திராட்சை வைத்து, 'செல்லத்துக்குப் பழவிருந்து' என்று தலைப்புப் போட்டு ஒரு படம் இருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடியவை. இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று ஓர் அளவு சொல்ல முடியாது, சிறிய குட்டிக்குச் சில பழங்களே போதும். பாயசத்தில் கிடக்கும் திராட்சைக்கும் இது பொருந்தும். இணைப்பு வந்து நான்கைந்து நாளாகிறது. அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைய இதழிலேயே அந்தத் திருத்தத்தைப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
நாமக்கல்.